அடியைத் திருப்பிப் பாருங்கள்

முதலில் விழுந்த கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒரு ஜோடி ஷூவுக்கு எதற்கு இவன் இவ்வளவு நீட்டி முழக்குகிறான் என்று தோன்றும். பாய்மரப் படகில் போகத் தொடங்கிய புதிது. தூறல் விட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும். துறையிலிருந்து படகுக்கு ஒரே எட்டுதான், கையில் ஒரு பை, காலில் தினமும் ஓடப் போகும்போது போடுகிற ஷூ, அதன் அடியில் ஆழமான கட்டை கட்டையான ரப்பர், அதைப் பார்த்துவிட்டு ‘செம கிரிப்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் வாங்கியிருந்தேன். இடது கால் டெக்கில், அதாவது படகின் மேல்தளத்தில், பட்டது மட்டும் நினைவிருக்கிறது. அடுத்த நொடி நான் உட்கார்ந்திருந்தேன், பை தண்ணீரில் மிதந்தது, கயிறு கட்டுகிற இரும்புக் கிளீட்டில் மோதிய முழங்கால் இரண்டு வாரத்துக்கு நீலமும் பச்சையுமாக நிறம் மாறிக்கொண்டிருந்தது.

படகு என்னுடையது இல்லை. நான் அண்ணன் என்று கூப்பிடுகிற, என்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஒருவருடையது. கை கொடுத்துத் தூக்கிவிட்டார், கொக்கிக் கழியால் பையை இழுத்துப் போட்டார், அப்புறம் என் ஷூவைக் கழற்றச் சொல்லி வாங்கித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, இத மேல பாத்து வாங்குனியா, அடியப் பாத்து வாங்குனியா?”

மேலே பார்த்துத்தான். கருநீலம், பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கோடு. அடி வாங்கின பிறகுதான் எனக்கு அடியைப் பார்க்கிற பழக்கம் வந்தது.

அதற்கப்புறம் படகில் வழுக்காமல் நிற்பதற்கென்றே செய்கிற டெக் ஷூ என்று நான்கு ஜோடி வாங்கியாயிற்று. முதலாவது வெறும் ஏமாற்று. இரண்டாவது நல்ல ஷூ, போட்டுக்கொண்டவன்தான் சரியில்லை. மூன்றாவது சல்லிசாகக் கிடைத்ததே என்ற ஆசையில் வந்த வினை. நான்காவது இப்போது காலில் இருக்கிறது. இந்த நான்கில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

ஓட்ட ஷூ ஏன் வழுக்கியது என்பது கொஞ்சம் யோசித்தால் புரிந்துவிடும். அந்த ஆழமான கட்டைகள் மண்ணைக் குத்திப் பிடிப்பதற்காக இருப்பவை. டெக்கில் குத்துவதற்கு மண் எங்கே இருக்கிறது? கட்டைகளின் உச்சி மட்டும்தான் தளத்தைத் தொடுகிறது, மற்ற இடமெல்லாம் அந்தரத்தில். சாலையில் சீக்கிரம் தேயக் கூடாது என்று ரப்பரும் கெட்டியாகப் போட்டிருப்பார்கள். வழவழப்பான ஃபைபர் டெக்கில் தண்ணீர் நின்றால் ரப்பருக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய படலம் உட்கார்ந்துகொள்ளும், அந்தப் படலம் வெளியே போனால்தான் ரப்பர் தளத்தைப் பிடிக்கும், போக வழி இல்லையென்றால் நாம் நிற்பது டெக்கின் மேல் இல்லை, தண்ணீரின் மேல். இன்னொரு கேடும் உண்டு. கட்டைகளின் இடுக்கில் சின்னச் சின்னக் கற்கள் மாட்டிக்கொள்ளும், அதோடு ஏறி நடந்தால் படகுக்காரர் ஆசையாகப் பளபளப்பாக்கி வைத்திருக்கும் தளத்தில் கோடு கோடாகக் கீறல் விழும். அண்ணன் அன்று என் ஷூவிலிருந்து மூன்று கல் எடுத்தார். எடுத்து ஒவ்வொன்றாக என் கையிலேயே வைத்தார்.

டெக் ஷூவின் சூத்திரம் இதற்கு நேர் எதிர். அடி தட்டையாக இருக்கும், ரப்பர் மெத்தென்று இருக்கும், தளத்தை முடிந்த அளவு முழுதாகத் தொடும், அந்தத் தட்டையில் பிளேடால் கீறியதுபோல் மயிரிழை அகலத்தில் நெளி நெளியாக நிறைய வெட்டுகள் இருக்கும். நேராக வைத்துப் பார்த்தால் வெட்டு இருப்பதே தெரியாது. காலை ஊன்றும்போது ரப்பர் வளையும், வெட்டுகள் திறக்கும், தண்ணீர் அதற்குள் போகும், வெட்டின் ஓரங்கள் கார்க் கண்ணாடி துடைக்கிற வைப்பர் மாதிரி தளத்தைத் துடைத்துக்கொடுக்கும். ஈரச் சாலைக்கும் பனிக்கும் செய்கிற டயர்களிலும் இதே வேலைதான் நடக்கிறது.

இதற்கு ஒரு நாய்க் கதை உண்டு, தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம். அமெரிக்காவின் கனெக்டிகட்டைச் சேர்ந்த பால் ஸ்பெரி என்பவர் படகுப் பைத்தியம், என்னை மாதிரியே டெக்கில் வழுக்கி விழுந்தவர். ஒரு குளிர்காலத்தில் அவருடைய காக்கர் ஸ்பேனியல் நாய் பனிக்கட்டி மேல் வழுக்காமல் ஓடுவதைப் பார்த்து அதன் பாதத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறார், பாதத்தின் மெத்தையில் நுண்ணிய வெடிப்புகளும் கோடுகளும். உடனே ஒரு கத்தியை எடுத்து ரப்பர் அடியில் மீன்முள் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கீறிப் பார்த்தார். 1935-இல் அது கேன்வாஸ் ஷூவாக விற்பனைக்கு வந்தது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படையும் மாலுமிகளுக்காக எடுத்துக்கொண்டது. ரப்பரைக் கீறினால் ஈரத்தில் பிடிக்கும் என்று 1920-களிலேயே ஜான் சைப் என்பவர் காப்புரிமை வாங்கியிருந்தார், அந்தக் கீறல்களுக்கு இன்றும் சைப் என்றே பெயர். ஆனால் நாய் வருகிற கதைதான் எல்லோருக்கும் நினைவிருக்கும், அதில் என்ன தப்பு. எனக்குப் பிடித்தது, அந்த மனிதரும் அடியைத் திருப்பித்தான் பார்த்திருக்கிறார் என்பது.

சரி, இப்போது என் முதல் ஜோடிக்கு வருவோம். விழுந்த வாரமே ஆவேசமாகப் போய் வாங்கினேன். பழுப்புத் தோல், சுற்றிலும் தோல் கயிறு, வெள்ளை அடி, அடியில் மீன்முள் கோலம், பார்க்க அசல் டெக் ஷூவேதான். படகில் ஏறினேன், மறுபடியும் வழுக்கியது, இந்த முறை கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தொங்கித் தப்பித்தேன். அண்ணன் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தக் கோலம் வெட்டு இல்லை, அச்சு. கெட்டியான பிளாஸ்டிக் போன்ற பொருளில் மீன்முள் வடிவத்தை மேலோட்டமாகப் பதித்திருந்தார்கள், கோலம் போட்ட சுவர் மாதிரி. தெருவில் நடக்க அழகான ஷூ, அவ்வளவுதான். டெக் ஷூ என்ற பெயரில் கடைகளில் கிடைப்பதில் நிறைய இந்த ரகம், படகையே பார்க்காமல் ஆயுளை முடிக்கப் பிறந்தவை. அதில் தவறில்லை, தெரிந்து வாங்கினால் சரி.

ஆகவே கடையில் ஷூவை எடுத்ததும் காலில் போடாதீர்கள், கவிழ்த்துப் பிடித்து நடுவில் வளையுங்கள். வளைக்கும்போது கோடுகள் வாய் திறந்தால் அது வெட்டு, திறக்காமல் அப்படியே வளைந்தால் அச்சு. இந்த ஒரு சோதனையிலேயே பாதி ஷூக்கள் கழிந்துவிடும். அப்புறம் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், ரப்பர் கொஞ்சம் உள்வாங்கி மெதுவாகத் திரும்ப வர வேண்டும், நகம் சறுக்கிக்கொண்டு போனால் அது கல். பையில் ஒரு வெள்ளைக் காகிதம் வைத்திருந்தால் அடியை அதில் நாலு தேய்ப்பு அழுத்தித் தேய்த்துப் பார்க்கலாம். கரி போட்ட கறுப்பு ரப்பர் சில வகைகளில் டெக்கில் கறுப்புத் தடம் விடும், அதைத் துடைத்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால்தான் டெக் ஷூவுக்கு வெள்ளை அடி என்ற வழக்கமே வந்தது. இப்போது தடம் விடாத கறுப்பு ரப்பரும் பழுப்பு ரப்பரும் வருகின்றன, எனவே நிறத்தை நம்புவதைவிடக் காகிதத்தை நம்புவது நல்லது. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

இலேசாக இருக்கிறதே என்று நுரை அடி உள்ளதை எடுக்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஈவிஏ என்கிற அந்த நுரை காலுக்குச் சுகம்தான், ஆனால் ஈர ஃபைபரில் தனியாக அதன் பிடிப்பு சுமார், நாளடைவில் அமுங்கித் தட்டையாகியும் போகும். நடுவில் நுரை, கீழே தளத்தைத் தொடுகிற இடத்தில் நல்ல ரப்பர் என்று இரண்டும் சேர்ந்ததாக இருந்தால் சரி. முழுக்க நுரை என்றால் வேண்டாம்.

காலுக்குப் பொருந்துவது பற்றிச் சொல்ல வேண்டும், இதில் நான் நிறைய தப்பு செய்திருக்கிறேன். முதல் ஜோடியை ஒரு அளவு பெரிதாக வாங்கினேன், கால் வீங்கினால் தாராளமாக இருக்கட்டுமே என்று. தரையில் நடக்கும்போது தாராளம் சௌகரியம். படகு ஒரு பக்கம் சாய்ந்து ஓடும்போது நாம் நிற்பது சமதளத்தில் இல்லை, கூரைச் சரிவில் நிற்பது மாதிரி, ஒரு கால் உயர, ஒரு கால் தாழ. அப்போது ஷூ டெக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும், கால் மட்டும் ஷூவுக்குள்ளே வழுக்கும். வெளியே எவ்வளவு பிடிப்பு இருந்து என்ன? இப்போதெல்லாம் கடையில் ஷூவைப் போட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பாதத்தின் வெளி ஓரத்துக்கு எடையைக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன், உள்ளே கால் நகர்ந்தால் கழற்றிவிடுகிறேன். குதிகால் மேலே எழும்பக் கூடாது. விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும்.

தோல் ஷூவானால் கொஞ்சம் இறுக்கமாகவே எடுக்கலாம், அது நனைந்து காய்ந்து காலின் வடிவத்துக்கு இளகிக்கொடுக்கும். செயற்கைத் துணி இளகாது, கடையில் கடித்தால் படகிலும் கடிக்கும். மாலையில் போய் வாங்குங்கள், பகல் முழுக்க நடந்த கால் காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் வீங்கியிருக்கும், படகில் பகலெல்லாம் நின்ற காலும் அப்படித்தான் இருக்கும். காலுறை இல்லாமல் போடப் போகிறவர்கள் காலுறை இல்லாமலே போட்டுப் பாருங்கள். இதையெல்லாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று கேட்கலாம், நான் கனத்த காலுறையோடு போய் வாங்கி வந்த ஆள்.

அடி எவ்வளவு தடிமன் என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் இன்னும் சண்டை. அவர் கட்சி, அடி மெல்லியதாக இருக்க வேண்டும், காலுக்குக் கீழே கயிறு கிடக்கிறதா, தளம் எந்தப் பக்கம் சரிகிறது என்பது பாதத்துக்குத் தெரிய வேண்டும், உயரமான அடியில் நின்றால் கணுக்கால் மடங்கும். அவர் சொல்வது சரிதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எட்டு மணி நேரம் சுக்கானைப் பிடித்து நின்று பார்த்தால் அந்த மெல்லிய அடியில் குதிகால் கெஞ்சும், அதுவும் என்னைப்போல் தட்டைப் பாதம் உள்ளவர்களுக்கு. நான் கண்ட சமரசம், அடி மெல்லியதாகவும் உள்ளே இருக்கும் மெத்தை கழற்றக்கூடியதாகவும் உள்ள ஷூ. அந்த மெத்தையை எடுத்துவிட்டு உள்வளைவு தாங்குகிற வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாம், நனைந்தால் வெளியே எடுத்துத் தனியாகக் காய வைக்கலாம். ஒட்டிவிட்ட மெத்தை காயவே காயாது, அதிலிருந்துதான் நாற்றம் புறப்படும்.

இரண்டாவது ஜோடி அசல் சரக்கு. கெட்டித் தோல், கையால் தைத்த முகப்பு, வெட்டுள்ள வெள்ளை ரப்பர் அடி, விலை கேட்டதும் ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. ஆனால் போட்ட முதல் நாளே தெரிந்தது, ஈர டெக்கில் கால் பசை போட்டதுபோல் நின்றது. அந்தப் பெருமையில் அதைக் கழற்றவே மனம் வரவில்லை, கடைத்தெரு, வேலை, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அதுவே. அங்கேதான் கெட்டது. ஈரத்தில் பிடிக்க வேண்டும் என்றால் ரப்பர் மென்மையாக இருக்க வேண்டும், மென்மையான ரப்பர் சிமென்ட் தரையில் அழிப்பான் மாதிரி தேயும், இரண்டையும் ஒரே ஷூவிடம் எதிர்பார்க்க முடியாது. போதாக்குறைக்கு வெட்டுகளுக்குள் மணல் புகுந்து உட்கார்ந்துகொண்டது. மணல் அடைத்த வெட்டு திறக்காது, தண்ணீருக்கும் வழி விடாது, உப்புக்காகிதம் மாதிரி டெக்கையும் தேய்க்கும். வண்டி நிறுத்துமிடத்து எண்ணெயை மிதித்துவிட்டு அப்படியே ஏறினால் அது வேறு.

மிச்சத்தை வெயில் பார்த்துக்கொண்டது. ஒரு நாள் அலையில் முழுக்க நனைந்துவிட்டது, சீக்கிரம் காயட்டும் என்று சூடான இயந்திரப் பெட்டி மேல் வைத்தேன். சாயங்காலம் எடுத்தபோது தோல் அட்டை மாதிரி விறைத்து விரல் மடிகிற இடத்தில் வெடித்திருந்தது. உப்புத் தண்ணீர் தோலுக்கு இரண்டு பக்கமும் கேடு செய்யும். காய்ந்தால் உப்பு படிகமாகித் தோலின் நாருக்குள் நின்று அறுக்கும், காயாவிட்டால் அந்த உப்பே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இழுத்து ஷூவை எப்போதும் சொதசொதவென்று வைத்திருக்கும். இத்தனைக்கும் செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் உள்ளும் புறமும் அலசிவிட்டு, பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, நிழலில் காற்றோட்டமாக வைக்க வேண்டும், தாள் ஈரமானதும் மாற்ற வேண்டும். தோலுக்கு அவ்வப்போது தோல் எண்ணெயோ மெழுகோ கொஞ்சம். அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடச் சோம்பலுக்காக ஒரு நல்ல ஷூவை ஒன்றரைப் பருவத்தில் கொன்றேன்.

தோலா, கேன்வாஸா, வலைத்துணியா என்று கேட்பவர்களுக்கு என் பதில், எவ்வளவு நனைவீர்கள் என்பதைப் பொறுத்தது. பெரிய படகில் காய்ந்த காலோடு போய் வருகிறவர்களுக்குத் தோல் நன்றாக உழைக்கும், கவனித்துக்கொண்டால் பல வருடம் வரும், விரலைக் கப்பியிலும் கிளீட்டிலும் இடித்துக்கொள்ளும்போது தோல் தாங்குகிற மாதிரி வேறெதுவும் தாங்காது. கேன்வாஸ் விலை குறைவு, துவைக்கலாம், ஆனால் நனைந்தால் கனக்கும், சுண்டுவிரல் பக்கம் சீக்கிரம் கிழியும். சின்னப் படகில் ஒவ்வொரு முறையும் குளித்துவிட்டு வருகிற என் போன்றவர்களுக்கு வலைத்துணியும் அடியில் வடிகால் ஓட்டையும் உள்ள செயற்கை ஷூதான் சரி, ஏறின தண்ணீர் நாலு எட்டில் வடிந்துவிடும். கடற்கரையில் அதோடு நடந்தால் அதே ஓட்டை வழியாக மணல் உள்ளே வரும், அது வேறு தலைவலி.

படகுக்கு வெளியே உடம்பைத் தொங்கவிட்டு ஓட்டுகிற பந்தயக் குறும்படகுகளுக்கு இதெல்லாம் சரிப்படாது. அதற்கு நியோபிரீன் என்கிற செயற்கை ரப்பரில் செய்த பூட்ஸ் இருக்கிறது, காலை வார்ப்பட்டையில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு தொங்கும்போது பாதத்தின் மேல்பக்கம் அறுபடாமல் அங்கே தடித்த ரப்பர் வைத்திருப்பார்கள். குளிர்க் கடலில் நீள பூட்ஸ் போடுகிறவர்கள் ஒன்றை மட்டும் பாருங்கள், தண்ணீரில் விழுந்தால் கையே வைக்காமல் உதறியே கழற்ற முடிகிறதா என்று.

வெறுங்கால் போதாதா என்று கேட்கிறவர்கள் எப்போதும் ஒருவராவது இருப்பார்கள். வெறுங்கால் பிடிப்பு நல்லதுதான், வார்னிஷ் அடிக்காத தேக்குத் தளத்தில் ஈரத்திலும் பிரமாதமாக நிற்கும். ஆனால் டெக் முழுக்க விரல் இடிக்கிற சாமான்கள், வெயில் ஏறினால் தளம் தோசைக்கல், போதாததற்கு யாராவது வெயில் கிரீம் பூசிக்கொண்டு உட்கார்ந்து எழுந்த இடம் சோப்பு மாதிரி இருக்கும். கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்த ஒருவரை நேரில் பார்த்தபின் நான் அந்த வாதத்துக்கே போவதில்லை. முன்பக்கம் திறந்த செருப்புக்கும் இதே பதில். இரண்டு விரல் வார்ச் செருப்போடு கயிற்றுக் குவியலைத் தாண்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மூன்றாவது ஜோடி. பெரிய தள்ளுபடி, கண்ணைக் கட்டிவிட்டது. ஒரு கடையில் பழைய சரக்கைக் குவித்துப் போட்டிருந்தார்கள், பெட்டி மேல் ஒரு விரல் தூசு, ஷூ மட்டும் புத்தம் புதுசு. வளைத்தேன், நகத்தால் அழுத்தினேன், காகிதத்தில் தேய்த்தேன், எல்லாம் தேறியது. மூன்றாவது பயணத்தில் நடுக்கடலில் அடியின் நடுப்பகுதி பழைய சுவரிலிருந்து காரை பெயர்கிற மாதிரி உதிர ஆரம்பித்தது, நான் நடந்த இடமெல்லாம் மஞ்சள் தூள். கீழ்ப்பட்டை தனியாகக் கழன்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பிறகு விசாரித்ததில் தெரிந்த விஷயம், பாலியூரித்தேன் என்கிற பொருளில் செய்த அடி காற்றிலுள்ள ஈரத்தாலேயே மெல்ல மெல்லச் சிதையும். போட்டால்தான் தேயும் என்பதில்லை, பெட்டிக்குள் சும்மா கிடந்தாலே உள்ளுக்குள் இற்றுக்கொண்டிருக்கும், வெளியே தெரியாது, ஒரு நாள் மொத்தமாக உதிரும். ரப்பரும் வருடக்கணக்கில் கிடந்தால் இறுகிப் பிடிப்பை இழக்கும். எனவே மலிவு வேண்டுமானால் போன பருவத்து நிறம், யாருக்கும் பிடிக்காத நிறம் என்று தேடுங்கள், என் இப்போதைய ஷூ ஒரு விதமான கத்தரிப்பூ நிறம், அதனால்தான் பாதி விலைக்கு வந்தது. ஆனால் எப்போது செய்தது என்று தெரியாத தூசுப் பெட்டி வேண்டவே வேண்டாம்.

நான்காவதை வாங்கும்போது ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோனேன். கயிறு நுழைகிற வளையங்களில் வைத்துப் பார்த்தேன். ஒட்டினால் இரும்பு, மேலே என்ன முலாம் பூசியிருந்தாலும் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும், துரு ஷூவிலும் இறங்கும், வெள்ளை டெக்கிலும் பழுப்புச் சொட்டாக விழும். பித்தளையோ பிளாஸ்டிக்கோ ஆனால் ஒட்டாது. தையலையும் கவனித்தேன். பருத்தி நூல் ஈரத்தில் மக்கிப்போகும், பாலியெஸ்டரோ நைலானோ வேண்டும். அடியோடு மேல்பாகத்தை வெறும் பசையில் ஒட்டாமல் தைத்தும் இருந்தால் இன்னும் நல்லது. தைத்த நூல் அடியில் ஒரு குழிக்குள் பதிந்திருக்க வேண்டும், மேலே துருத்திக்கொண்டிருந்தால் தேய்ந்து அறுந்துவிடும்.

கயிறு விஷயத்தில் அழகுக்கும் எனக்கும் ஒத்துவராது. குதிகாலைச் சுற்றிப் போகிற தோல் கயிறு, இழுத்தால் ஷூ முழுவதையும் இறுக்கும் என்பது எண்ணம், சில ஷூக்களில் அப்படி இறுக்கவும் செய்யும், பலவற்றில் அது வெறும் அலங்காரம், ஒரு முனையை இழுத்து மறுமுனை அசைகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். தோல் கயிறு நனைந்தால் நீண்டு தளர்ந்து முடிச்சு தானாக அவிழும். அவிழ்ந்த கயிறு கிளீட்டில் மாட்டினால் என்ன ஆகும் என்று என் முழங்காலைக் கேளுங்கள். நான் கயிற்றை உருவிவிட்டு மெல்லிய பாலியெஸ்டர் கயிறு போட்டுக்கொண்டேன், இரட்டை முடிச்சு, மிஞ்சிய வளையங்களை உள்ளே சொருகிவிடுவேன்.

செலவுக் கணக்கு என்று பார்த்தால், இரண்டாவது ஜோடி இப்போதைய ஷூவைப்போல் இரண்டு மடங்கு விலை, உழைத்தது ஒன்றரைப் பருவம். இது மூன்றாவது பருவத்தில் ஓடுகிறது. ஷூவின் தரத்தில் இரண்டாவதுதான் உயர்த்தி, சந்தேகமில்லை. வித்தியாசம் நான் அதைத் துறை வரைக்கும் பையில் எடுத்துப்போவதில் இருக்கிறது. சாதாரணச் செருப்பில் வந்து, படகின் ஓரத்தில் உட்கார்ந்து மாற்றிக்கொண்டு, திரும்பும்போது மறுபடி மாற்றிக்கொண்டு வருகிறேன். முதலில் கூச்சமாக இருந்தது, ஆடப் போகிற பரதநாட்டியக்காரி சலங்கை கட்டுகிற மாதிரி. இப்போது கூட வருகிற இரண்டு பேர் அதையே செய்கிறார்கள். மாதம் ஒருமுறை பழைய பல் துலக்கியால் வெட்டுகளுக்குள் தேய்த்துக் கழுவுவேன். நாற்றம் வந்தால் ராத்திரி கொஞ்சம் சமையல் சோடாவை உள்ளே தூவி வைத்துக் காலையில் தட்டிவிடுவேன். நாற்றம் பாதி போகும். மீதியைக் கூட வருகிறவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் மழைக்கு நடுவில் பாயைச் சுருக்க வேண்டி வந்தது. நான்தான் படகின் முன்முனையான அணியத்துக்குப் போனேன், தளமெல்லாம் தண்ணீர் ஓடுகிறது, படகு தலையை ஆட்டுகிறது, போய்ச் சுருக்கிக் கட்டிவிட்டுத் திரும்பி வந்து சுக்கான் பக்கம் உட்கார்ந்தேன், கால் ஓரிடத்தில்கூட நழுவவில்லை. ஏதாவது பாராட்டு வரும் என்று அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவர் என் வலது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஷூவைத் திருப்பினார். கட்டைவிரலுக்குக் கீழே, நான் எப்போதும் அழுத்திச் சுழல்கிற இடத்தில், உள்ளங்கை அளவுக்கு வெட்டுகளே இல்லை, வழவழவென்று தேய்ந்திருந்தது. ரப்பர் இன்னும் தடிமனாகத்தான் இருந்தது, வெட்டுதான் தீர்ந்துவிட்டது.

“அடுத்த மழைக்குள்ள மாத்திடு” என்று காலைக் கீழே விட்டார்.

சனிக்கிழமை மாலை கடைக்குப் போகிறேன். காந்தமும் வெள்ளைக் காகிதமும் பையில் போட்டாயிற்று.